மூன்று அப்ஸ்ட்ரீம், ஒரே குழி: திருப்பூரில் மாற்றுவழி இருந்தும் இணையம் நின்ற நிகழ்வின் ஆய்வு

திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் வட்டாரங்களில் வீடுகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் இணைய இணைப்புத் தரும் நடுத்தர நிறுவனம் ஒன்றில், ஐப்பசி மழை நாள் ஒன்றின் பிற்பகலில் தொடங்கி நள்ளிரவு தாண்டும்வரை சேவை முழுதாகவும் பகுதியாகவும் நின்றுபோனது. அந்த நிறுவனத்துக்கு மூன்று அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களின், அதாவது வெளி உலக இணையத்தோடு அதை இணைக்கும் பெரிய நிறுவனங்களின், இணைப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று அன்று அறுபடவே இல்லை. அப்படியிருந்தும் வீட்டு வாடிக்கையாளர்களின் சேவை இரவுவரை திரும்பாதது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ரவுட்டர்களின் (தரவை வழிநடத்தும் கருவிகளின்) பதிவுகள், என்ஓசி (வலையமைப்புக் கண்காணிப்பு மையம்) பணியாளர்களின் வாட்ஸாப் குழுச் செய்திகள், கேபிளை ஒட்டிய குழுவின் ஓடிடிஆர் (ஃபைபர் முறிவின் தூரத்தைக் காட்டும் கருவி) அளவீடுகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து எழுதப்பட்டது இது. நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்து, அப்ஸ்ட்ரீம்களை முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்றே குறிப்பிடுகிறேன்.

நிலமும் வழித்தடமும்

கொங்கு வட்டாரத்திலிருந்து வெளியேறும் ஃபைபர் வழிகள் எவை என்பதை ஒப்பந்தங்களைவிட நிலம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. வடமேற்கில் நீலகிரி, வடக்கே சத்தியமங்கலம் காடும் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையும், தெற்கே ஆனைமலை, மேற்கே பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே அகலமான வாசல். இணையச் சந்திப்பு மையங்களும், பெரிய உள்ளடக்க நிறுவனங்களின் சர்வர்களும், சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் கடலடிக் கேபிள்களின் கரையிறங்கு நிலையங்களும் சென்னையில் இருப்பதால், எல்லோருடைய ஃபைபரும் கிழக்கே திரும்பிக் காவிரியைக் கடந்தாக வேண்டும். ஈரோட்டையும் பள்ளிபாளையத்தையும் இணைக்கும் பாலங்கள், பவானி குமாரபாளையம் பகுதிப் பாலங்கள், கரூருக்கு வடக்கே பரமத்தி வேலூர்ப் பாலம், இன்னும் கீழே திருச்சி என்று கடக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோவையிலிருந்து அவிநாசி, பெருந்துறை, பவானி, சேலம் என்று போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் பெரும்பாலான கேபிள்கள் படுத்திருக்கின்றன. சாலையோரத்தில் தோண்டுவதற்கு அனுமதி பெறுவது சுலபமான காரியம் அல்ல. ஆகவே ஒருவர் அனுமதி பெற்றுப் பல டக்ட்களை, அதாவது கேபிள் செல்லும் குழாய்களைப் புதைத்து, அவற்றையோ அவற்றினுள் ஓடும் ஃபைபர் இழைகளையோ மற்றவர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது இந்தத் தொழிலில் வெகுகாலமாக உள்ள வழக்கம். மேலே பெயர்கள் மாறினாலும் கீழே குழி ஒன்றாகவே இருந்துவிடுகிறது.

ஆய்வுக்கு உட்பட்ட நிறுவனம் இந்த ஆபத்தை ஓரளவு யோசித்துத்தான் இணைப்புகளை வாங்கியிருந்தது. முதலாமவரின் முனையம் கோவையில் இருந்தது; அங்கே இரண்டு 10ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) இணைப்புகள் போயின. இரண்டாமவரின் முனையம் ஈரோட்டில். அங்கே ஒரு 10ஜி. திருப்பூரிலிருந்து ஒன்று மேற்கே, மற்றொன்று கிழக்கே செல்வதால் ஒரே சமயத்தில் இரண்டும் அறுபடாது என்பது கணக்கு. மூன்றாமவரின் இணைப்பு காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போவது. போர்ட் (கேபிள் செருகும் வாய்) 10ஜி என்றாலும் 2ஜிக்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு வைத்து, "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று குறைந்த விலையில் வாங்கியது. திருப்பூரின் எல்லைக்குள் பார்த்தால் இந்த அமைப்பில் குறையே இல்லை. மேற்கே கோவைக்குப் போன முதலாமவரின் ட்ராஃபிக் (தரவுப் போக்குவரத்து), கோவை முனையத்தில் திரும்பி அதே 544ஆம் எண் சாலையோரமாகச் சேலத்துக்குப் போகிறது என்பதும், குமாரபாளையம் பக்கத்தில் அவருடைய இழைகளும் இரண்டாமவருடைய இழைகளும் ஒரே உள்கட்டமைப்பு நிறுவனத்தின் டக்ட்டுக்குள் இருந்தன என்பதும் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முதலாமவருக்கு வளைய அமைப்பு ஒன்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சேலம் வழி அறுந்தால் பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் மறுகை ஒன்று அவருடைய வரைபடத்தில் உண்டு. அந்தக் கை சில நாட்களுக்கு முன்பே உடுமலைக்கு அருகே சாலைப் பணியில் அறுந்து, ஒட்டப்படாமல் கிடந்தது. வளையத்தின் ஒரு கை அறுந்தால் வாடிக்கையாளர் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை, புகார் வருவதில்லை, ஆகவே அவசரமும் பிறப்பதில்லை. வளைய அமைப்புகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்: இரண்டாவது வெட்டு விழும்போதுதான் முதல் வெட்டு கவனத்துக்கு வருகிறது.

லிங்க் அப், ட்ராஃபிக் இல்லை

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, குமாரபாளையத்தில் பாலத்துக்குச் செல்லும் பாதையோரத்தில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய ஜேசிபி, டக்ட்டை இழுத்துப் பிய்த்தது. எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறையான பிஜிபியில், இரண்டாமவரின் இணைப்பு சற்று நேரத்தில் இறங்கியது. அவரிடமிருந்து வந்த ரூட்கள் (வழி அறிவிப்புகள்) மறைந்தன. அந்தப் பகுதி எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடந்தது. சிக்கல் முதலாமவரிடம் இருந்தது. திருப்பூருக்கும் கோவை முனையத்துக்கும் இடையிலான ஃபைபருக்கு எந்தச் சேதமும் இல்லை. கோவை ரவுட்டர் உயிரோடு இருந்தது, பிஜிபி அமர்வும் உயிரோடு இருந்தது. ஆனால் கோவை ரவுட்டருக்கு அப்பால் உலகம் இல்லை. பணிமுறையில் இருந்த இளம் பொறியாளர் தன் மூத்தவருக்குத் தொலைபேசியில் சொன்னது பதிவில் இருக்கிறது: "லிங்க் அப்லதான் இருக்குதுங்க அண்ணா, பிஜிபியும் எஸ்டாப்ளிஷ்டுன்னுதான் காட்டுது. ஆனா வெளிய ஒண்ணும் போக மாட்டேங்குதுங்க." முதலாமவரின் உதவி மையத்தைக் கேட்டபோது, எங்கள் பக்கம் இணைப்பு நன்றாக உள்ளது என்று பதில் வந்து, புகார் எண் மூடப்பட்டது. அவர்களுடைய திரையில் தெரிந்த அளவுக்கு அது பொய்யும் அல்ல.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது அவசியம், ஏனெனில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இணையம் தரும் நிறுவனங்களில் பலவும் இதே அமைப்பில்தான் ஓடுகின்றன. உலக ரூட்டிங் அட்டவணையில் இன்று ஐபிவி4 எனும் இணைய முகவரி முறையின் ரூட்கள் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. அவற்றை முழுதும் தாங்க நினைவகம் மிகுந்த ரவுட்டர் வேண்டும். ஆகவே, "டிஃபால்ட் மட்டும் போதும்" என்று அப்ஸ்ட்ரீமிடம் கேட்டு வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் என்னிடம் அனுப்பு என்ற ஒரே ஒரு ரூட் பிஜிபியில் வந்து சேர்கிறது. அந்த டிஃபால்ட் ரூட்டை அப்ஸ்ட்ரீம் எங்கிருந்து உருவாக்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. பல ரவுட்டர்களில் இதற்கென உள்ள கட்டளை, நிபந்தனை எதையும் சேர்க்காவிட்டால், தன்னிடம் வெளியேறும் வழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே அண்டை ரவுட்டருக்கு டிஃபால்ட்டை அறிவித்துக்கொண்டிருக்கும். கோவை முனையத்தில் நடந்தது அதுதான். சென்னையோடு தொடர்பை இழந்த பிறகும், "என்னிடம் அனுப்பு" என்று அது திருப்பூருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. வந்த பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) அங்கேயே கொட்டியது. முதலாமவருக்கே முன்னுரிமை வைத்திருந்ததால், நல்ல நிலையிலிருந்த மூன்றாமவரின் வழியைத் திருப்பூர் ரவுட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் கண்காணிப்பும் இதைப் பிடிக்கவில்லை. அவர்கள் பிங் செய்து (பதில் வருகிறதா என்று சோதித்து) பார்த்தது கோவை முனையத்தின் முகவரியை. அது ஒவ்வொரு முறையும் பதில் தந்தது. நிகழ்வுக்குப் பின் நடந்த கூட்டத்தில், பிஎஃப்டி இருந்திருந்தால் சில நொடிகளில் தெரிந்திருக்கும் என்று ஒருவர் வாதிட்டார். பிஎஃப்டி அண்டை ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை வேகமாகச் சொல்லும் கருவி; அண்டை ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது. அண்டை ரவுட்டரிடமிருந்து செய்தி வராவிட்டால் காத்திருக்கும் பிஜிபியின் ஹோல்ட் நேரத்தைப் பல ரவுட்டர்களில் உள்ள 180 நொடியிலிருந்து குறைப்பதும் இங்கே உதவியிருக்காது. முழு அட்டவணையையோ, குறைந்தபட்சம் தெரிந்தெடுத்த சில நூறு ரூட்களையோ முதலாமவரிடமிருந்து வாங்கியிருந்தால், சென்னையோடு தொடர்பு அறுந்ததும் கோவை ரவுட்டர் அந்த ரூட்களைத் தானாகவே இழந்து, திருப்பூருக்குத் தந்த அறிவிப்புகளையும் விலக்கிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் நினைவகத்தில் மிச்சம் பிடித்த பணம் அன்று வேறு கணக்கில் போனது என்பதே என் மதிப்பீடு.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றதற்கு, பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பை முழுதாகத் துண்டித்ததே தொடக்கம். தரவு மையங்களை அணுக முடியவில்லை என்றால் தம் ரூட்களைத் தாமே திரும்பப் பெற வேண்டும் என்று, தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் எட்டாமல் போனதால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. கோவை முனையத்துக்கோ விலகத் தெரியவில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் கேள்வி ஒன்றே: தனித்து விடப்பட்ட ரவுட்டர் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறோமா?

திரும்பி வராத ட்ராஃபிக்

மூத்த பொறியாளர் பல்லடத்திலிருந்து வந்து சேர்ந்ததும் முதலாமவரின் பிஜிபி அமர்வைக் கையால் நிறுத்தினார். வெளியே போகும் ட்ராஃபிக் உடனே கரூர் வழிக்கு மாறியது. லீஸ்டு லைன் (தனி இணைப்பு) வைத்திருந்த பனியன் கம்பெனிகளில் பலவற்றுக்கு இணையம் திரும்பியது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப ஷிப்பிங் பில் பதிவு செய்யக் காத்திருந்தவர்களின் அழைப்புகள் குறைந்தன. ஆனால் வீடுகளில் ஒன்றில்கூட இணையம் வரவில்லை. பாக்கெட்டுகள் வெளியே போவது தெரிந்தது. பதில் மட்டும் வரவில்லை.

இதற்கான விடை நிறுவனத்தின் பழைய வரலாற்றில் இருந்தது. அவர்களிடம் ஒரு /22 தொகுதி, அதாவது 1,024 ஐபிவி4 முகவரிகள் இருந்தன. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் புதிய நிறுவனங்களுக்கு /22 வரை கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. 2019 தொடக்கத்திலிருந்து அந்த அளவு /23 ஆகக் குறைக்கப்பட்டுவிட்டது. முகவரிகள் கிடைத்தபோது நிறுவனத்துக்குச் சொந்த ஏஎஸ் எண் (உலக ரூட்டிங்கில் ஒரு வலையமைப்பை அடையாளப்படுத்தும் எண்) இல்லை. ஆகவே, அவற்றுள் ஒரு /24ஐ (256 முகவரிகளை) முதலாமவரே தம் ஏஎஸ் எண்ணிலிருந்து சென்னையில் நிலையாக அறிவித்து வந்தார். பின்னர் ஏஎஸ் எண் கிடைத்து, நிறுவனம் /22 முழுவதையும் மூன்று அப்ஸ்ட்ரீம்கள் வழியாகவும் தானே அறிவிக்கத் தொடங்கியது. பழைய /24 அறிவிப்பை நீக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முதலாமவரின் சென்னை ரவுட்டரில் அது எங்கும் போகாத வெற்று இடைமுகத்தை நோக்கி நிறுத்தப்பட்ட நிலையான ரூட்டாக இருந்ததால், கோவை துண்டிக்கப்பட்ட பிறகும் உலகத்துக்கு அறிவிப்பு தொடர்ந்தது. ரூட்டிங்கில் நீளமான முன்னொட்டே, அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் கொண்ட சிறிய தொகுதியே, வெல்லும். /22 எத்தனை வழிகளில் அறிவிக்கப்பட்டாலும் /24 இருக்கும்வரை அந்த 256 முகவரிகளுக்கான ட்ராஃபிக் முழுவதும் முதலாமவரின் சென்னை ரவுட்டருக்கே போய் அங்கே மடிந்தது. ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து, வீடுகள் அனைத்தையும் வெளியே கொண்டு செல்லும் சிஜிநாட் தொகுதி அந்த 256 முகவரிகளில்தான் இருந்தது. முகவரிக்கு ஏறத்தாழ 64,500 போர்ட்கள் (இங்கே, இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்), வீட்டுக்கு ஆயிரம் போர்ட் என்று பிரித்திருந்ததால், ஒரு முகவரி இருண்டால் அதன் பின்னால் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் இருண்டன.

நீளமான முன்னொட்டு வெல்லும் என்பதன் வலிமையை இணைய உலகம் 2008 பிப்ரவரி 24 அன்றே பார்த்திருக்கிறது. யூடியூப் தன் முகவரிகளை /22 ஆக அறிவித்துக்கொண்டிருந்தபோது, உள்நாட்டில் அதைத் தடுப்பதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்த ஒரு /24 வெளியே கசிந்து, உலகின் ட்ராஃபிக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. யூடியூப் முதலில் அதே /24ஐயும், பிறகு அதனினும் நீளமான /25களையும் அறிவித்துப் போட்டியிட்டது. திருப்பூரிலும் மூத்த பொறியாளர் இதையே முயன்றார்: அதே /24ஐத் தம் ஏஎஸ் எண்ணிலிருந்து மூன்றாமவர் வழியாக அறிவித்தார். சில வலையமைப்புகளிலிருந்து பதில் வந்தது, பலவற்றிலிருந்து வரவில்லை. காரணம் ஆர்பிகேஐ எனும் சரிபார்ப்பு முறை. முகவரிகளை எந்த ஏஎஸ் அறிவிக்கலாம், எவ்வளவு நீளம்வரை அறிவிக்கலாம் என்று பதிவு செய்து வைக்கும் ஆர்ஓஏ ஆவணத்தில், நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணுக்கு /22 என்ற நீளம் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. முதலாமவரின் ஏஎஸ் எண்ணுக்கு /24 என்ற பழைய ஆர்ஓஏ இன்னும் உயிரோடு இருந்தது. சரிபார்க்கும் வலையமைப்புகளின் கண்ணுக்கு உரிமையாளர் திருடனாகவும், காலாவதியான ஏற்பாடு நேர்மையானதாகவும் தெரிந்தது. முகவரிகளை வழங்கும் பதிவகத்தின் தளத்தில் நுழைந்து ஆர்ஓஏவைத் திருத்தலாம் என்றால், ஒருமுறைக் கடவுச்சொல் போய்ச் சேர்ந்த எண் வேலையை விட்டுச் சென்ற கணக்காளருடையது. அவரைத் தேடிப் பிடித்தார்கள். திருத்தமும் அன்றிரவே போனது. ஆனால் அது உலகெங்கும் உள்ள சரிபார்ப்பு சர்வர்களுக்குப் பரவ நேரம் பிடிக்கும்.

சிக்கலை உண்மையில் அவிழ்த்தவர் பணிமுறையில் இருந்த அந்த இளம் பொறியாளர். /24ஐ மீட்கப் போராடுவதைவிட, அதை விட்டு வெளியேறுவதே எளிது என்று அவருக்குத் தோன்றியது. /22இல் பயன்படுத்தாமல் வைத்திருந்த வேறொரு /24க்கு சிஜிநாட் தொகுதியை மாற்றலாமா என்று மூத்தவரிடம் கேட்டார். அந்த முகவரிகளுக்கு /22 அறிவிப்பே போதும். முதலாமவர் குறுக்கே இல்லை. எந்த வீடு எந்த முகவரியிலும் போர்ட்டிலும் வெளியே போனது என்ற பதிவை உரிம நிபந்தனைப்படி வைத்திருக்க வேண்டியிருப்பதால், மாற்றிய நேரத்தைப் பதிவேட்டில் குறித்துவிட்டு மாற்றினார்கள். சில நிமிடங்களில் வீடுகள் திரும்பின. அன்றைய முடிவுகளில் இதுவே மிகச் சிறந்தது.

2ஜிக்குள் ஒரு நகரம்

அப்போது இரவு எட்டு மணியை நெருங்கியிருந்தது. வீட்டு ட்ராஃபிக் உச்சத்துக்கு ஏறும் நேரம். எல்லாமே மூன்றாமவரின் 2ஜி வழியில் விழுந்தன. தேவையைக் கணக்கிட்டபோது நிறுவனம் பார்த்தது, காசு கொடுத்து வாங்கும் டிரான்சிட் வரைபடத்தை மட்டுமே. வீடியோவும் மென்பொருள் இற்றைப்படுத்தலும் பெரும்பாலும் அடிக்கடி கேட்கப்படுவற்றின் நகலை அருகில் வைத்திருக்கும் முதலாமவரின் கேஷ் சர்வர்களிலிருந்து தனி வழியில் வந்துகொண்டிருந்தன. அந்தப் பங்கு டிரான்சிட் வரைபடத்தில் தெரியாது. முதலாமவர் போனதும் கேஷும் போனது. அவ்வளவும் டிரான்சிட்டில் ஏறியது. மாற்று இணைப்பின் அளவை நிர்ணயிக்கும்போது வாடிக்கையாளர் பக்கம் நோக்கிய போர்ட்களின் மொத்தத்தைப் பார்க்க வேண்டுமே தவிர, அப்ஸ்ட்ரீம் பில்லைப் பார்க்கக் கூடாது.

மூன்றாமவரின் 2ஜி கட்டுப்பாடு, மிகுதியாக வந்ததை வரிசையில் நிறுத்தாமல் அப்படியே வெட்டி எறியும் வகை. ஆகவே யுபிஐ கட்டணமும் வீடியோவும் பேதமின்றி வெட்டுப்பட்டன. இணைப்பு மெதுவாக இருப்பதைக் கண்ட வீட்டுக்காரர்கள் ஓஎன்யூவை (வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியை) அணைத்து அணைத்துப் போட்டதில், பிபிபிஓஇ நுழைவுக் கோரிக்கைகள் அவற்றைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் குவிந்து, ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களும் உள்ளே வர முடியாமல் நின்றார்கள். நிறுவனம் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று, லீஸ்டு லைன்களுக்கு முன்னுரிமை வரிசை வைத்துவிட்டு, எல்லா வீட்டுத் திட்டங்களின் வேகத்தையும் தாற்காலிகமாக வெகுவாகக் குறைத்தது. வேகம் குறைந்ததும் வீடியோச் செயலிகள் தாமாகவே தரத்தைத் தாழ்த்திக்கொண்டன. இரண்டு, போர்ட் 10ஜியாகவே இருந்ததால், உரிமையாளரின் ஒரு மின்னஞ்சலைப் பெற்றுக்கொண்டு மூன்றாமவர் அன்றிரவே கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். போர்ட்டை 1ஜியாக வாங்கிச் சிக்கனம் செய்திருந்தால் இதற்கு வழியே இருந்திருக்காது.

குழிக்குள்

குமாரபாளையத்தில் வெட்டைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை. ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, முறிவிலிருந்து எதிரொளி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்கிறது. அது சொல்வது ஃபைபரின் நீளம்; சாலையின் நீளம் அல்ல. ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் பிற்காலத் தேவைக்கென்று கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள், பாலங்களில் ஏறி இறங்கும்போதும் நீளம் கூடும். அந்தச் சுருள்களைக் கழிக்காமல் வண்டியின் தூரமானியைப் பார்த்து நின்ற குழு ஆற்றின் மறுகரையில் தேடிக்கொண்டிருந்தது. குழாய் வேலைக்காரர்கள் மழைக்குப் பயந்து குழியை அரைகுறையாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணை விலக்கியபோது சேற்று நீருக்குள் ஆரஞ்சு நிற டக்ட் பிளந்து கிடந்தது. உள்ளே இரண்டு கேபிள்கள். ஒன்றில் முதலாமவரின் இழைகள், மற்றொன்றில் இரண்டாமவரின் இழைகள். பக்கெட்டின் பல் இழுத்த இழுப்பில் கேபிள் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டுமல்லாது, இருபுறமும் சில மீட்டர் தூரத்துக்கு உள்ளேயே நீண்டு நொறுங்கியிருந்தது. ஆகவே நேராக ஒட்ட முடியவில்லை. இரு முனைகளிலும் நல்ல ஃபைபர் வரும்வரை நறுக்கி, நடுவில் புதுக் கேபிள் துண்டைச் சேர்த்து, இரண்டு ஜாயிண்ட்டுகள் போட வேண்டியதாயிற்று. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிற வரிசைப்படி இழைகளைப் பிரித்து, தார்ப்பாய்க்கு அடியில் அமர்ந்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். எந்தக் கேபிள் முதலில் என்பதை உள்கட்டமைப்பு நிறுவனம் தன் ஒப்பந்த வரிசைப்படி தீர்மானித்தது, குத்தகைதாரர்களைக் கேட்கவில்லை.

நள்ளிரவுக்குப் பின் முதலாமவரின் வழி திரும்பியது, திரும்பிய சில நிமிடங்களில் மறுபடி விழுந்தது, மறுபடி வந்தது. பக்கத்து இழைகளை ஒட்டும்போது ட்ரே அசைவதால் ஏற்படும் வழக்கமான தடுமாற்றம் இது. மூத்த பொறியாளர் முதலாமவரின் அமர்வைத் திறக்காமல் விடியும்வரை கரூர் வழியிலேயே ஓடவிட்டார். உறங்கும் நேரத்து ட்ராஃபிக்குக்கு அது தாராளம். சேவை வந்துவிட்டதே என்று உடனே திரும்பும் அவசரத்தை அவர் அடக்கியது, இரண்டாவது சுற்றுப் புகார்களைத் தவிர்த்தது.

பிறகு மாற்றப்பட்டவை

பழைய /24 அறிவிப்பை முதலாமவர் நீக்கினார். பழைய ஆர்ஓஏவும் நீக்கப்பட்டது. நிறுவனத்தின் ஆர்ஓஏவில் தான் உண்மையில் அறிவிக்கும் /24கள் தனித்தனியே சேர்க்கப்பட்டன. நிபந்தனையோடு மட்டுமே டிஃபால்ட் அனுப்ப வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கினார்கள். அதோடு, முதலாமவர் வழியாக மட்டுமே செல்லுமாறு கட்டப்பட்ட இரண்டு தொலைவான முகவரிகளை, வெவ்வேறு வலையமைப்புகளில் தேர்ந்து, பிங் செய்கிறார்கள். இரண்டும் பதில் தராவிட்டால் வழி விரைவாக விலக்கப்படும். திரும்பச் சேர்ப்பதற்கு நீண்ட நேரம் காத்திருக்கும். ஒரே ஓர் இலக்கை நம்பினால் அந்த இலக்கின் கோளாறே நம் கோளாறாகிவிடும்.

குழியைப் பற்றிய தகவலைப் பெறுவதுதான் கடினமாக இருந்தது. அப்ஸ்ட்ரீம்கள் தந்த கேஎம்இசட் (வரைபடக் கோப்பு) வரைபடங்களில் சில, இரண்டு ஊர்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தவை. விற்பனைப் பிரிவு தரும் வரைபடத்தை நம்புவதற்கில்லை என்று கண்டு, நிறுவனத்தின் ஆட்கள் இருசக்கர வாகனத்தில் சாலையோரக் குறிகற்களையும் சேம்பர் மூடிகளையும் பார்த்துக்கொண்டே சங்ககிரிவரை போய்ப் படமெடுத்து வந்தார்கள். காவிரியைக் கடக்கும் இடத்தில் யாருடைய இழை எந்தப் பாலத்தில் இருக்கிறது என்பது அதன் பிறகே தெளிவானது. இரண்டாமவரை பரமத்தி வேலூர் வழியாகக் கடக்கக் கேட்டிருக்கிறார்கள். விலை இன்னும் படியவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சி செல்லும் இணைப்புக்குச் செலவிடலாம். கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர், கொச்சி அதில் பாதிகூட இல்லை. கடலடிக் கேபிள் கரையிறங்கும் ஊர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, காவிரியைக் கடக்க வேண்டியதில்லை. உள்ளடக்க நிறுவனங்களின் ட்ராஃபிக் சென்னை அளவுக்கு அங்கே கிடைக்காது என்பது உண்மை. அவசர நேரத்தில் வேண்டியது வழி, கேஷ் அல்ல.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. திருப்பூரில் இருக்கும் மற்றொரு இணைய நிறுவனத்தோடு நேரடிப் பியரிங் (இருவரின் ட்ராஃபிக்கையும் நேராகப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) போட்டிருக்கிறார்கள். அதுவரை ஒரே தெருவின் இரு கட்டிடங்களுக்கு இடையிலான ட்ராஃபிக், சென்னை சென்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. மின்கம்பத்தில் யார் கேபிள் மேலே, யார் கேபிள் கீழே என்று சண்டை போட்டுக்கொண்டவர்கள் இவர்கள் என்பதால், இந்த ஒப்பந்தத்தைத் தொழிலில் உள்ளவர்கள் சற்று வியப்போடுதான் பார்த்தார்கள். ஒருவர் வழி அறுந்தால் மற்றவர் வழியாக வெளியே போகலாம் என்ற ஏற்பாட்டையும் யோசித்து, எந்த ரூட்களை ஏற்பது என்ற ஃபில்டர் விதிகள் முழுதும் எழுதி முடியாததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது சரியான தயக்கம். 2019 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சிறு நிறுவனத்தின் உள் ரூட்கள் அதன் வாடிக்கையாளர் வழியாக ஒரு பெரிய அப்ஸ்ட்ரீமுக்குக் கசிந்து, அந்த அப்ஸ்ட்ரீம் அவற்றை வடிகட்டாமல் ஏற்றதால், உலகின் பெரிய தளங்கள் பலவற்றின் ட்ராஃபிக் அந்தச் சிறு வழியில் போய் முட்டி நின்றது. எதிர்வீட்டுக்காரருக்கு உதவப் போய், அவருடைய ட்ராஃபிக்கோடு ஊரின் ட்ராஃபிக்கையும் 2ஜி வழியில் இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு இங்கும் உண்டு.

இப்போது மாதம் ஒருமுறை, அதிகாலையில், முதலாமவரின் இணைப்பைத் துண்டிப்பதற்குப் பதிலாக, அதன் அமர்வை உயிரோடு வைத்தபடியே அப்பால் செல்லும் ட்ராஃபிக்கை மட்டும் தடுத்துச் சோதிக்கிறார்கள். முதல் சோதனையில் வழி தானாகவே மாறியது. வீடுகளில் வாட்ஸாப்பும் ஓடியது. ஆனால் புதிதாக எந்தத் தளமும் திறக்கவில்லை. நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள், கேள்விகளை இன்னமும் முதலாமவரின் கோவை சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தன.